இருளைப் படமெடுத்த ஏழைச் சிறுவன்

ஜூபிலி மலர்களில் பெரியோர் வாழ்க்கை வரலாறு ஒன்று இடம் பெறுவது மரபு. உலகுக்குப் பயன்பட வாழ்ந்தோரை நினைவு கூர்வது விழா எடுப்போரின் கடமைகளுள் ஒன்று. அந்த மரபையொட்டி, நம் பங்கின் இளைஞர்களையும் மாணவ மாணவியரையும் மனத்திற்கொண்டு, வானநூல் அறிஞர் ஒருவரின் வாழ்க்கையை இங்கே எழுத முற்படுகின்றோம். அவர் பெயர் எட்வர்டு எமர்சன் பார்னார்டு. அமெரிக்க நாட்டவர். பள்ளிக்கூடத்தில் சிறு வயதில் அவர் படித்தது ஏறத்தாழ இரண்டே மாதங்கள். எனினும், வானத்தின் கருமையைக் கண்ணாடித் தகடுகளிற் பதித்து, அக்கருமைக்குள் பொருள் இருக்கிறது என்று உலகம் ஒப்புக்கொள்ளப் பெரிதும் காரணமாய் இருந்தவர் அவரே.

வானத்தில் ஒரு புதிர்

ஆனி, ஆடி மாதங்களில் நிலவில்லாத ஓர் இரவு, பத்து மணி சுமாருக்கு, ஊர் விளக்குகள் எட்டாத வயல்வெளிக்குப் போய்த் தெற்கு நோக்கி நிற்போம். தேள் வடிவான விருச்சிகம் வானில் உயர்ந்து நிற்கும். அதன் நடுவே சிவந்து ஒளிர்வது கேட்டை. வளைந்த வாலின் நுனியில் மூல நட்சத்திரம். அதனை அடுத்து, பாலைக் கொட்டிவிட்டாற் போல வெண்மையாகப் படர்ந்து கிடப்பது பால்வீதி. நம் பாட்டனார் காலத்தில் ஒவ்வொரு வீட்டு முற்றத்திலிருந்தும் தெரிந்த காட்சி இது. இன்று மின்விளக்கின் வெளிச்சத்தில் மங்கிப் போய்விட்டது.

அந்த வெண்மையைக் கூர்ந்து நோக்கினால், அது ஒரே சீராக இல்லை என்பது புலப்படும். இடையிடையே கரிய பிளவுகள், கரிய திட்டுகள். விண்மீன்கள் நெருக்கமாய்க் குவிந்திருக்கும் இடத்தின் நடுவிலேயே மை சிந்தியது போலச் சில இடங்கள் வெறுமையாய்க் காணப்படும். அவை யாவை? விண்மீன் கூட்டத்தில் விழுந்துவிட்ட ஓட்டைகளா? அல்லது விண்மீன்களுக்கும் நமக்கும் இடையே எதுவோ திரையாய் நிற்கிறதா?

18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த பேரறிஞர் வில்லியம் ஹெர்ஷல், விருச்சிகத்தில் அத்தகைய இடம் ஒன்றைத் தம் தொலைநோக்கியிற் கண்டு, வானத்தில் ஓட்டை இருப்பதாகவே எண்ணி வியந்தார். அவருக்குப் பின் உரோமாபுரியில், புனித இஞ்ஞாசியார் ஆலயத்தின் மேலே வான ஆராய்ச்சி நிலையம் அமைத்து உழைத்த இயேசு சபைக் குருவானவர் ஆஞ்செலோ செக்கி, அவை ஓட்டைகளாக இருக்க முடியாது, ஒளியுள்ள பின்னணியின் முன்னே நிற்கும் இருண்ட முகில்களாகத்தான் இருக்கவேண்டும் என்று கருதினார். அவர் 1878-ல் காலமானார். ஆனால் கருத்து வேறு, சான்று வேறு. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காட்டுவது எப்படி? அதற்கான வழியைத் திறந்தது காமிரா. அந்தக் காமிராவோடு வளர்ந்த ஒரு சிறுவனின் கதைக்கு இனி வருவோம்.

வறுமையும் தாயும்

பார்னார்டு 1857-ம் ஆண்டு டிசம்பர் 16-ம் நாள், அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகரிற் பிறந்தார். தந்தையின் முகத்தை அவர் கண்டதில்லை. மகன் பிறக்குமுன்னரே தந்தை இறந்துவிட்டார். தாய் எலிசபெத் தம் இரு ஆண் மக்களையும் தனியாக வளர்க்க வேண்டியதாயிற்று. குழந்தைக்கு நான்கு வயது நிரம்புமுன் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. நாஷ்வில் நகரம் படைகளின் காலடியில் கிடந்தது. பசி அந்த வீட்டில் நிரந்தர விருந்தாளியாயிற்று. 1866-ல் நகரில் காலரா பரவியபோது சிறுவனும் அதற்கு ஆளாகி, மரண வாயிலைத் தொட்டு மீண்டான். பிற்காலத்தில் பெரும் புகழ் எய்திய பின்னரும், தம் பிள்ளைப் பருவத்தை நினைத்தால் உள்ளம் நடுங்குகிறது என்றே அவர் கூறுவதுண்டு.

இவ்வளவு துன்பத்திலும் அந்தத் தாய் ஒன்றை விடவில்லை. மகனுக்கு எழுத்தையும் வாசிப்பையும் தாமே கற்பித்தார். பிற்காலத்தில் அறிவியல் இதழ்களில் நூற்றுக்கணக்கான கட்டுரைகளை எழுதிய கைக்கு அரிச்சுவடி அந்த வீட்டு மூலையிலேதான் தொடங்கிற்று.

கூரை மேல் ஒரு வேலை

அதே 1866-ம் ஆண்டில், ஒன்பது வயது நிரம்புமுன், சிறுவன் நாஷ்வில் நகரத்துப் புகைப்பட ஸ்டூடியோ ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். அக்காலத்தில் சிறிய படத்தைப் பெரிதாக்குவதற்குப் போதிய மின்விளக்கு கிடையாது. சூரிய ஒளியையே பயன்படுத்த வேண்டும். அதற்காக அந்த ஸ்டூடியோவின் கூரை மீது ஒரு பெரிய காமிரா நிறுவப்பட்டிருந்தது. வியாழன் கோளின் பெயரால் ஜூபிடர் என்று அதனை அழைத்தனர். சூரியன் நகர நகர, சக்கரங்களைத் திருப்பி அந்தக் காமிராவையும் மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். சற்றுக் கண்ணயர்ந்தாலும் படம் கெட்டுவிடும். முன்னர் அவ்வேலைக்கு வந்த பையன்கள் வெயிலில் உறங்கிப் போயினர். இச்சிறுவன் உறங்கவில்லை.

நாள்தோறும் சூரியனையே பார்த்து நின்றவனுக்கு ஓர் உண்மை தட்டுப்பட்டது. கடிகாரத்தின் நேரமும் சூரியனின் நேரமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆண்டின் சில காலங்களிற் சூரியன் முந்தியும் சில காலங்களிற் பிந்தியும் வருகிறது. அறிஞர்கள் நெடுங்காலமாய் அறிந்திருந்த இச்செய்தியை, ஒரு நூலும் படியாத சிறுவன் தன் கண்ணாலேயே கண்டு தெளிந்தான். இரவில் வேலை முடித்து வீடு திரும்புகையில், மஞ்சள் நிற விண்மீன் ஒன்று மற்றவற்றினிடையே மெல்ல இடம் மாறுவதையும் கவனித்தான். அது சனிக்கோள் என்பது பின்னாளிலேதான் அவனுக்குத் தெரிந்தது.

அந்த ஸ்டூடியோவில் 17 ஆண்டுகள் உழைத்தார் பார்னார்டு. லென்ஸின் இயல்பு, தகட்டின் இயல்பு, இருட்டறையில் படத்தைக் கழுவி எடுக்கும் நுட்பம், எல்லாவற்றுக்கும் மேலாக, நகரும் ஒளியைத் தொடர்ந்து மணிக்கணக்கில் கருவியைத் திருப்பும் பொறுமை, இவை யாவும் அங்கே அவருக்குக் கைவந்தன. வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்த வேலையே அவரது கல்லூரியாயிற்று என்றால் மிகையாகாது.

கடனுக்கு ஈடாய் வந்த நூல்

பார்னார்டுக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது, அறிமுகமான இளைஞன் ஒருவன் அவரிடம் சிறு தொகை கடன் கேட்டான். ஈடாக ஒரு பழைய நூலைக் கொடுத்துச் சென்றான். பணம் திரும்பி வரவில்லை. கையில் நின்றது நூல் மட்டுமே. வருத்தத்தோடு அதனைப் பிரித்துப் பார்த்தார். அது தாமஸ் டிக் என்பார் எழுதிய வானநூல். உள்ளே விண்மீன் படங்கள் இருந்தன. அன்றிரவே சன்னலைத் திறந்து, நூலையும் வானையும் மாறி மாறிப் பார்த்து, சிறு வயது முதல் தாம் அறிந்திருந்த விண்மீன்களுக்கெல்லாம் பெயர் இருப்பதை உணர்ந்தார்.

1877-ல், தம் ஓராண்டுச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்காகிய 380 டாலரைச் செலவிட்டு, ஐந்து அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். அதே ஆண்டில் அமெரிக்க அறிவியல் சங்கத்தின் மாநாடு நாஷ்வில்லில் கூடிற்று. நாட்டின் தலைசிறந்த வானநூல் அறிஞர் சைமன் நியூகோம் அங்கு வந்திருந்தார். அவரைக் கண்டு தம் ஆவலைத் தெரிவித்தார் இளைஞர். கணிதம் கல்லாதவர் இத்துறையில் பெரிதாக எதையும் சாதிக்க முடியாது என்ற பொருளில் விடை வந்தது. பார்னார்டு ஒதுங்கிச் சென்று கண்ணீர் விட்டார். ஆனால் கண்ணீரோடு நின்றுவிடவில்லை. குறைந்த வருமானத்திலிருந்து பணம் கொடுத்து ஆசிரியரை அமர்த்திக் கணிதம் கற்கத் தொடங்கினார்.

1881-ல் ரோடா கால்வர்ட் என்னும் நங்கையை மணந்தார். அக்காலத்தில் புதிய வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடிப்போருக்கு 200 டாலர் பரிசளிப்பதாகச் செல்வர் ஒருவர் அறிவித்திருந்தார். பார்னார்டு பகலெல்லாம் ஸ்டூடியோவில் உழைத்துவிட்டு இரவெல்லாம் வானைத் துருவினார். கடன் வாங்கிச் சிறு வீடு ஒன்று கட்டினார். கடன் தவணை வரும்போதெல்லாம் ஒரு வால்நட்சத்திரமும் அகப்பட்டது. அந்த வீட்டுக்கே வால்நட்சத்திர வீடு என்று பெயர் வழங்கிற்று. 1883-ல் நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அவருக்கு உதவித்தொகை தந்து, தன் தொலைநோக்கியையும் ஒப்படைத்து, மாணவராக ஏற்றுக்கொண்டது. இரண்டு மாதப் பள்ளிப் படிப்போடு நின்றவர், இருபத்தைந்தாம் வயதிற் பல்கலைக்கழகப் படியேறினார்.

மலை மேல் பழைய லென்ஸ்

கலிபோர்னியாவில், 4,200 அடி உயரமுள்ள ஹாமில்டன் மலையின் மேல், 36 அங்குலத் தொலைநோக்கியுடன் லிக் வான ஆராய்ச்சி நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வேலை கிட்டும் என்ற நம்பிக்கையில் 1887-ல் வீட்டை விற்றுவிட்டு மனைவியுடன் புறப்பட்டார் பார்னார்டு. போய்ச் சேர்ந்தபோது நிலையம் இன்னும் திறக்கப்படவில்லை. சான் பிரான்சிஸ்கோ நகரில் வழக்கறிஞர் அலுவலகத்தில் நகல் எழுதிப் பிழைத்தார். 1888-ல் நிலையம் திறந்ததும் பணியிற் சேர்ந்தார்.

பெரிய தொலைநோக்கி அவருக்கு உடனே கிடைக்கவில்லை. 1892 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆனால் வேறொன்று கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு புகைப்படக்காரரிடமிருந்து வாங்கிய, ஆறு அங்குல அகலமுள்ள பழைய லென்ஸ் அது. மனிதர் முகங்களைப் படமெடுப்பதற்காகச் செய்யப்பட்டது. வில்லார்டு லென்ஸ் என்று அழைக்கப்பட்டது. இத்தகைய லென்ஸ்களோடு பழகியே வளர்ந்தவரல்லவா பார்னார்டு! அதன் அருமை அவருக்கு உடனே விளங்கிற்று.

பெரிய தொலைநோக்கி வானத்தில் ஒரு சிறு புள்ளி அளவையே காட்டும். பால்வீதியோ வானின் குறுக்கே நீண்டு கிடப்பது. ஊசித் துளை வழியாகக் கோயில் கோபுரத்தைப் பார்க்க முடியுமா? முகப்பட லென்ஸோ அகன்ற பரப்பை ஒரே தகட்டில் அடக்கும். ஒளியையும் விரைந்து திரட்டும். மேலும், நம் கண் எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதே ஒளியைத்தான் காணும். புகைப்படத் தகடு அப்படியன்று. ஒளி விழ விழ அது சேர்த்துக்கொண்டே போகும். ஒரு மணி நேரத்தில் தெரியாதது மூன்று மணி நேரத்தில் தெரியும்.

1889-ம் ஆண்டு கோடையில் அந்த லென்ஸைத் தொலைநோக்கி ஒன்றின் மீது கட்டி, தனுசு ராசியின் அடர்ந்த விண்மீன் கூட்டத்தை நோக்கித் திருப்பினார் பார்னார்டு. மூன்று மணி நேரத்துக்கு மேல் தகட்டைத் திறந்து வைத்திருந்தார். அவ்வளவு நேரமும் விண்மீன்கள் கிழக்கிலிருந்து மேற்கே நகர்கின்றன அல்லவா? கருவியைத் திருப்பும் கடிகாரப் பொறி உண்டு. ஆனால் அது பிசகும். ஆகவே வழிகாட்டும் தொலைநோக்கியிற் கண்ணை வைத்து, குறிப்பிட்ட விண்மீன் ஒன்று குறுக்கு இழைகளின் நடுவிலேயே நிற்குமாறு கையால் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். மயிரிழை தவறினாலும் புள்ளியாக விழ வேண்டிய விண்மீன்கள் கோடுகளாக இழுபட்டுப் போகும். நாஷ்வில் கூரை மேல் சூரியனைத் தொடர்ந்த சிறுவன், இப்போது மலை மேல் விண்மீனைத் தொடர்ந்தான்.

தகட்டைக் கழுவி எடுத்தபோது வெளிப்பட்ட காட்சியை அதற்கு முன் மனிதக் கண் கண்டதில்லை. எண்ணற்ற விண்மீன்கள் மேகம் மேகமாய்க் குவிந்து நின்றன. அவற்றினூடே கரிய ஓடைகளும் கிளைகளும் துளைகளும் தெளிவாய்த் தெரிந்தன. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் மாக்ஸ் வோல்ஃப் என்னும் அறிஞரும் அதே ஆண்டுகளில் இத்தகைய படங்களை எடுத்துவந்தார் என்பதையும் நாம் குறிப்பிட வேண்டும். இருவரும் இத்துறையின் முன்னோடிகள்.

1892-ல் வாரத்திற்கு ஓர் இரவு பெரிய தொலைநோக்கி பார்னார்டுக்குக் கிடைத்தது. செப்டம்பர் 9-ம் நாள் வெள்ளி இரவு, வியாழன் கோளின் ஐந்தாம் நிலவை அதன் வழியே கண்டுபிடித்தார். 1610-ல் கலிலியோ நான்கு நிலவுகளைக் கண்ட பின், 282 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நிலவு அது. ஒரே நாளில் உலகம் அவர் பெயரை அறிந்தது. எனினும், நிலைய இயக்குநருடன் கருத்து வேற்றுமை வளர்ந்தபடியால் 1895-ல் அவர் லிக் மலையை விட்டு நீங்கினார்.

ஒத்துக்கொள்ள மறுத்த உள்ளம்

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெர்க்ஸ் வான ஆராய்ச்சி நிலையம் விஸ்கான்சின் மாநிலத்தில், வில்லியம்ஸ் பே என்னும் ஊரில் 1897-ல் திறக்கப்பட்டது. அதன் 40 அங்குலத் தொலைநோக்கி, லென்ஸினால் இயங்கும் தொலைநோக்கிகளில் உலகிற் பெரியது. பார்னார்டு தம் எஞ்சிய வாழ்நாளை அங்கேதான் கழித்தார். கடுங்குளிர் நாடு அது. காற்று நடுங்கினால் படம் கலங்கும் என்பதால் குவிமாடத்திற்குள் கணப்பு மூட்டக்கூடாது. உறைபனிக் குளிரில், வழிகாட்டும் விண்மீனைவிட்டுக் கண்ணை எடுக்காமல் விடியும்வரை நின்ற இரவுகள் எத்தனையோ!

இங்கே நாம் ஒரு செய்தியை மறைக்காமற் சொல்லவேண்டும். வானத்தின் கருமையை உலகில் யாரைக் காட்டிலும் நன்றாகப் படமெடுத்த பார்னார்டு, அது என்னவென்று நெடுங்காலம் தவறாகவே எண்ணியிருந்தார். விண்மீன்கள் இல்லாத வெற்றிடங்கள் என்பதே அவரது கருத்து. 1894-ல் இங்கிலாந்தில் ரான்யார்டு என்னும் இதழாசிரியர், பார்னார்டின் படத்தையே ஆராய்ந்து, இது ஒளியை மறைக்கும் இருண்ட பொருளாகத்தான் இருக்கும் என்று எழுதினார். படமெடுத்தவரோ தயங்கினார்.

அவர் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. விண்வெளி தெளிந்த கண்ணாடி போன்றது என்றே அன்று பெரும்பாலோர் நம்பினர். விண்மீன் மங்கலாய் இருந்தால் அது தொலைவில் இருக்கிறது என்று கொண்டு தூரத்தைக் கணக்கிட்டனர். இடையிலே திரை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் அக்கணக்குகளெல்லாம் சந்தேகத்துக்குரியனவாகும். மங்கிய விண்மீன் தொலைவில் இருப்பதாலும் மங்கியிருக்கலாம், மறைக்கப்பட்டதாலும் மங்கியிருக்கலாம். உலகத்தின் அளவே கேள்விக்குள்ளாகும். அத்தகைய முடிவைச் சான்றின்றிச் சொல்ல அவர் மனம் ஒப்பவில்லை. மேலும் மேலும் படமெடுப்பதே வழி என்று கருதினார்.

காதரின் புரூஸ் என்னும் அம்மையார் 7,000 டாலர் நன்கொடை அளித்தார். அதனைக் கொண்டு பத்து அங்குல லென்ஸ் பொருத்திய புகைப்படத் தொலைநோக்கி ஒன்று 1904-ல் அமைந்தது. ஆனால் விஸ்கான்சின் வடக்கே உள்ள இடம். பால்வீதியின் அடர்ந்த பகுதியான தனுசும் விருச்சிகமும் அங்கே அடிவானத்துக்குச் சற்று மேலேதான் எழும். நம் நாட்டில் ஐம்பது டிகிரி உயரத்தில் தெரிவது, அங்கே இருபது டிகிரிக்கும் குறைவாகவே தெரியும். ஆகவே 1905-ல் அக்கருவியைக் கலிபோர்னியாவின் வில்சன் மலைக்கு எடுத்துச் சென்றார். சனவரி முதல் செப்டம்பர் வரை, தெளிந்த இரவுகளிலெல்லாம் உறக்கம் துறந்து ஏறத்தாழ 500 படங்கள் எடுத்தார். பின்னர் வெளிவந்த அவரது பெருநூலின் 50 படங்களில் 40 அம்மலையில் எடுக்கப்பட்டவை.

மேகம் சொன்ன விடை

படங்கள் சேரச் சேர அவரது பழைய கருத்து ஆட்டங்கண்டது. கேட்டை நட்சத்திரத்தின் அருகே எடுத்த படத்தில், ஒளிரும் முகிலும் கரிய ஓடையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒளிமுகில் இருக்கும் இடத்திலேதான் விண்மீன்கள் குறைகின்றன. ஓட்டையானால் அதற்கும் முகிலுக்கும் என்ன உறவு? மேலும், ஓட்டை என்றால் அது விண்மீன் கூட்டத்தை முன்னிருந்து பின்வரை துளைத்துச் செல்லும் நீண்ட சுரங்கமாக இருக்கவேண்டும். அந்தச் சுரங்கம் சரியாக நம் பூமியை நோக்கித் திறந்திருக்கவும் வேண்டும். ஒன்றிரண்டு அப்படி அமையலாம். நூற்றுக்கணக்கான சுரங்கங்கள் எல்லாம் நம்மையே நோக்கித் திறந்திருக்குமோ?

1913-ம் ஆண்டு கோடையில் நிலவில்லாத ஒரு தெளிந்த இரவு. புரூஸ் தொலைநோக்கியால் தென்வானைப் படமெடுத்துக் கொண்டிருந்தார் பார்னார்டு. தற்செயலாய்த் தலை நிமிர்ந்தபோது, நம் பூமியின் காற்று மண்டலத்தில் மிதக்கும் சிறு சிறு மேகங்கள் சில, தனுசு ராசியின் ஒளிமிக்க விண்மீன் கூட்டத்தின் முன்னே வந்து நின்றன. சில நிலவின் அளவுகூட இல்லை. ஒளியான பின்னணியில் அவை மைத்துளி போலக் கன்னங்கரேலென்று, கூரிய விளிம்புகளுடன் தோன்றின. தாம் இருபத்து நான்கு ஆண்டுகளாய்த் தகடுகளில் கண்டுவந்த கரும்புள்ளிகளைப் போலவே அவை இருந்தன! மேகத்தை ஓட்டை என்று யாரும் சொல்வதில்லையே. அந்த இரவு அவரது ஐயத்தைப் பெரிதும் போக்கிற்று.

மறு ஆண்டே நீரிழிவு நோய் அவரைப் பற்றியது. ஏறத்தாழ ஓராண்டு இரவுப் பணி கூடாதென்று மருத்துவர்கள் தடுத்தனர். இன்சுலின் மருந்து பயனுக்கு வராத காலம் அது. தேறியதும் மீண்டும் தொலைநோக்கிக்கே திரும்பினார். 1916-ல், 1894-ம் ஆண்டின் தகட்டோடு புதிய தகட்டை ஒப்பிட்டு, வானில் மிக விரைவாய் இடம் பெயரும் விண்மீனைக் கண்டார். ஏறத்தாழ ஆறு ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அது, இன்றும் பார்னார்டு விண்மீன் என்றே வழங்கப்படுகிறது.

1919 சனவரியில், வானத்தின் கரும்புள்ளிகள் 182-ஐ எண்ணிட்டு, இடங்குறித்துப் பட்டியலாக வெளியிட்டார். அப்போதும் அவற்றுக்கு இருண்ட முகில்கள் என்று பெயரிடவில்லை. இருண்ட அடையாளங்கள் என்றே தலைப்பிட்டார். பெரும்பாலானவை ஒளியை மறைக்கும் பொருள்கள் என்று தாம் நம்புவதைச் சொன்னார். எல்லாமே அப்படித்தான் என்று அறுதியிட்டுக் கூறவில்லை. கால் நூற்றாண்டு தாம் கொண்டிருந்த கருத்தை மாற்றிக்கொள்வதற்கும் அவர் வெட்கப்படவில்லை. மாற்றிய கருத்தை அளவுக்கு மீறிப் பேசவும் துணியவில்லை.

முடியாத நூல்

தம் படங்களில் சிறந்தவற்றைத் தொகுத்து வெளியிட வேண்டும் என்பது பார்னார்டின் நீண்ட நாள் ஆசை. வாஷிங்டன் கார்னகி நிறுவனம் பொருளுதவி தந்தது. ஆனால் அச்சில் எடுத்தால் மெல்லிய முகில்கள் மறைந்து போகின்றன. ஆகவே ஒவ்வொரு பிரதியிலும் உண்மையான புகைப்படங்களையே ஒட்ட முடிவு செய்தார். 700 பிரதிகளுக்கு 35,700 படங்கள் தேவைப்பட்டன. அவை ஒவ்வொன்றையும் தம் கையில் எடுத்துப் பார்த்து, குறையுள்ளவற்றைத் தள்ளிவிட்டு, நல்லதை மட்டும் ஏற்றார். பழைய ஸ்டூடியோ ஊழியருக்கு மோசமான படத்தை வாடிக்கையாளரிடம் கொடுக்க மனம் வருமா?

1921-ல் மனைவி ரோடா காலமானார். நாற்பது ஆண்டுகள் இரவுதோறும் தனித்திருந்து, கணவரின் உழைப்புக்கு உறுதுணையாய் நின்றவர் அவர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ரோடாவின் உறவினரான மேரி கால்வர்ட் என்னும் பெண்மணியே பார்னார்டுக்கு உதவியாளராய் இருந்தார். 1923-ம் ஆண்டு பெப்ருவரி 6-ம் நாள், தம் அறுபத்தைந்தாம் வயதில், நூல் முடியுமுன்னரே பார்னார்டு கண்மூடினார். அவர் உடல் நாஷ்வில் நகருக்கு எடுத்துச் செல்லப்பட்டு, மனைவியின் அருகில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் விட்டுச் சென்ற பணியை, நிலைய இயக்குநர் எட்வின் ஃபிராஸ்டும் மேரி கால்வர்டும் நிறைவேற்றினர். பால்வீதியின் படத்தொகுப்பு நூல் 1927-ல் வெளிவந்தது. அதில் கரும் முகில்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 350 ஆக உயர்ந்திருந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1930-ல் டிரம்ப்ளர் என்னும் அறிஞர், விண்மீன்களுக்கு இடையே தூசி பரவியிருந்து ஒளியை மங்கச் செய்கிறது என்பதை அளந்து நிலைநாட்டினார். பார்னார்டு அஞ்சியபடியே பழைய தூரக் கணக்குகள் திருத்தப்பட்டன.

கருமைக்குள் இருப்பது என்ன?

இன்று நாம் அறிந்தது இது. அந்தக் கரும் முகில்கள் பெரும்பாலும் ஹைட்ரஜன் வாயுவாலும், புகைத்துகளைப் போன்ற மிக நுண்ணிய தூசியாலும் ஆனவை. அத்தூசியே பின்னாலுள்ள விண்மீன்களின் ஒளியை மறைக்கிறது. உள்ளே குளிரோ சொல்லி முடியாது. உறைநிலைக்குக் கீழே 260 டிகிரி அளவு. அக்குளிரிலேதான் வாயு சுருங்கித் திரண்டு புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. பார்னார்டு 68 என்ற எண்ணுடைய சிறு முகிலை 2001-ல் ஆராய்ந்தவர்கள், கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்து, அதன் பின்னே மறைந்திருந்த விண்மீன்களைக் கண்டனர். வெற்றிடம் என்று ஒதுக்கப்பட்ட இடம், விண்மீன்களின் கருவறையாய் இருந்தது.

யெர்க்ஸ் நிலையத்தில் சிகாகோ பல்கலைக்கழகம் தன் பணியை 2018-ல் முடித்துக்கொண்டது. 2020 முதல் தனி அறக்கட்டளை ஒன்று அதைப் பேணி வருகிறது. பார்னார்டு கொடுத்த எண்களோ மாறவில்லை. இன்று உலகெங்கும் தம் சொந்த ஆர்வத்தால் இரவு வானைப் படமெடுப்போர், பல நிமிடப் படங்கள் பலவற்றை எடுத்துக் கணிப்பொறியில் ஒன்றாய் அடுக்குகின்றனர். வழிகாட்டும் விண்மீனைக் கண்ணுக்குப் பதில் மின்கருவி கவனித்துக்கொள்கிறது. ஆயினும் அவர்கள் தேடும் கரும் முகிலுக்குப் பெயர் பார்னார்டு 33, பார்னார்டு 72, பார்னார்டு 86 என்பதே. அவர்கள் கடைப்பிடிக்கும் விதியும் பார்னார்டு கண்டதே: கருமுகில் தானாக ஒளிராது, ஒளியுள்ள பின்னணி இருந்தால்தான் அதன் உருவம் தெரியும்.

அன்பார்ந்த இளைஞர்களே! வசதியில்லை, படிப்பில்லை, பிடித்த வேலை கிடைக்கவில்லை என்று மனம் சோரும் வேளையில், கூரை மேல் வெயிலில் நின்று சக்கரம் திருப்பிய அந்தச் சிறுவனை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் ஒன்றைத் தவறாய் எண்ணியிருந்தோம் என்று தெரிய வரும்போது, 1913-ம் ஆண்டு இரவில் தலை நிமிர்ந்து மேகத்தைப் பார்த்த அந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு ஆனி மாதத்தில், நிலவில்லாத ஓர் இரவு, கைவிளக்கை அணைத்துவிட்டு, கண் இருளுக்குப் பழகும்வரை கால்மணி நேரம் பொறுத்திருந்து தெற்கே நோக்குங்கள். கேட்டைக்கும் மூலத்துக்கும் பக்கத்தில் அந்தக் கரிய திட்டுகள் இன்றும் இருக்கின்றன. அவர் பனியில் நின்று அரிதாய்க் கண்டதை, நாம் நம் வயல் வரப்பில் நின்று தலைக்கு மேலே காணலாம்.